அண்ணனுக்குப் பிடிக்காத இரண்டரை நிமிடப் பாட்டு

கேள்வி (2019 இறுதியில் வந்தது): திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 24. வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக் இசை வாசிக்கும் கிரீன் டே என்ற அமெரிக்க பேண்டை எனக்குக் காட்டியதே என் அண்ணன்தான். 2005-ல் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோது 'அமெரிக்கன் இடியட்' சிடியைக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் கேட்போம். இப்போது அவர்களுடைய அடுத்த ஆல்பம் 2020 பிப்ரவரி 7 அன்று வருகிறது. அதிலிருந்து 2019 செப்டம்பரில் ஒரு பாட்டு, அக்டோபரில் ஒரு பாட்டு வெளியானது. 'ஃபாதர் ஆஃப் ஆல்' என்ற முதல் பாட்டில் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் இயல்பான குரலை விட்டு, மெலிந்த உச்சக் கள்ளக்குரலில் பாடியிருக்கிறார். 'இது அவங்களே இல்ல, புரொடியூசர் மாத்திட்டான், பங்க்கை வித்துட்டாங்க' என்கிறான் அண்ணன். அவன் நண்பர்கள் இரண்டு பேரும் அவன் பக்கம். எனக்கோ பாட்டு பிடித்திருக்கிறது. ஆனால் சொன்னால் 'உனக்கு பங்க்னா என்னன்னு தெரியாது' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் காரில் கேட்கிறான், நான் போனில் கேட்கிறேன். இந்த விஷயம் வந்தாலே வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவர் என்ற முறையில் சொல்லுங்கள்: இரண்டு பாட்டை வைத்து ஒரு ஆல்பத்தின் திசையைச் சொல்ல முடியுமா? ரெக்கார்டிங்கை வழிநடத்தும் ஒரு புரொடியூசரால் ஒரு பேண்டை இப்படி மாற்றிவிட முடியுமா? யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு பாட்டையும் கேட்டேன். அப்புறம் 1994-ல் வந்த 'டூக்கி' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். பத்தொன்பது வருடமாக, தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். காதில் விழுந்ததை வைத்துப் பேசுகிறேன்.

எனக்கு முதலில் பட்டது இதுதான்: நீங்களும் அண்ணனும் வேறு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 'திசை' என்ற ஒரே சொல்லுக்குள் ரசிகர்கள் பலதையும் போட்டு மூட்டை கட்டிவிடுகிறார்கள். மெட்டும் வரியும் எப்படி அமைந்திருக்கின்றன என்பது ஒன்று. அதை எந்த வேகத்தில், எவ்வளவு அழுத்தத்தோடு வாசிக்கிறார்கள் என்பது இன்னொன்று. மைக் வைத்துப் பதிவு செய்து மிக்ஸ் செய்தபின் அது எப்படி ஒலிக்கிறது என்பது தனி. அதை யார், எங்கே, எப்படி விற்கிறார்கள் என்பது எல்லாவற்றிலிருந்தும் தனி. அண்ணனுடைய கோபம் பெரும்பாலும் ஒலி மேலும் விற்பனை மேலும்தான். நீங்கள் ரசிப்பது மெட்டையும் வாசிப்பையும். இருவரும் 'பாட்டு' என்றே சொல்வதால் ஒருவருக்கொருவர் மறுப்பதுபோலத் தோன்றுகிறது.

ஒலி ஒன்றே ரசிகர்களை எவ்வளவு தூரம் பிரித்துவிடும் என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்கப் பாடகர் இக்கி பாப்பும் அவருடைய ஸ்டூஜஸ் பேண்டும் 1972-ல் லண்டனில் 'ரா பவர்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு வெளியானது. பங்க் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே வந்து, பிற்பாடு பங்க் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமாகிவிட்ட ஆல்பம் அது. பெரும்பாலான பாடல்களை மிக்ஸ் செய்தவர் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி. அவர் கைக்கு வந்த டேப்பில் 24 டிராக் இடம் இருந்தும், ஒன்றில் குரல், ஒன்றில் லீட் கிட்டார், மற்ற எல்லா வாத்தியமும் மூன்றாவதில் என்று மூன்றே மூன்றுதான் நிரம்பியிருந்தன என்று போவி பின்னாளில் சொன்னார். டிரம்ஸும் பேஸும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை ஏற்றும்போது மற்றதும் கூடவே ஏறும். குரலையும் கிட்டாரையும் தூக்கி முன்னால் வைப்பதைத் தவிர பெரிதாக வழி இல்லை. அப்படித்தான் அந்த ஆல்பம் மெலிந்து, கூர்மையாக, பின்னால் டிரம்ஸ் எங்கோ தகரம் தட்டுவதுபோல வந்தது.

1997-ல் இக்கி பாப் தானே உட்கார்ந்து அதை மறுபடி மிக்ஸ் செய்தார். ஒலி அளவைக் கூட்டும் ஃபேடர்கள் எல்லாம் மேலே. மீட்டர் சிவப்பை விட்டு இறங்கவே இல்லை. குரல் அதே, கிட்டார் அதே, பழைய பதிவேதான். ஆனாலும் 'இதுதான் நிஜமான ரா பவர்' என்று ஒரு கூட்டம், 'கெடுத்துவிட்டார்' என்று ஒரு கூட்டம். பேண்டில் வாசித்தவர்களிலேயே போவியின் மிக்ஸ்தான் மேல் என்றவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். இன்றுவரை அந்தச் சண்டை ஓயவில்லை. இதில் இசையின் திசை எங்கே மாறியது? பாட்டு எழுதி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்ததே.

சரி, உங்கள் பாட்டுக்கு வருவோம். 'ஃபாதர் ஆஃப் ஆல்' இரண்டரை நிமிடப் பாட்டு. அதில் பில்லி ஜோவின் குரலுக்கு என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். அவருடைய வழக்கமான குரல் மூக்கோடு சேர்ந்து முன்னால் வரும் குரல். ஒவ்வொரு வல்லின எழுத்தையும் கடித்துத் துப்புவார். 'டூக்கி'யில் எவ்வளவு சத்தமான கிட்டாருக்கு மேலும் வார்த்தை தெளிவாகக் கேட்பதற்கு அதுதான் காரணம். கள்ளக்குரலுக்குப் போகும்போது குரல் நாண்கள் முழுதாக மூடிக்கொள்வதில்லை. காற்று கலக்கிறது. குரலின் அடிப்பகுதி போய்விடுகிறது, கடிக்கும் கூர்மையும் குறைகிறது. அந்த மெல்லிய குரலை அப்படியே இரைச்சலான கிட்டாருக்கு நடுவில் வைத்தால் காணாமல் போய்விடும். அதனால் குரலுக்கே டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பு ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் வேலையில் இது சாதாரணம். குறைந்துபோன செறிவை வேறு வழியில் கொடுப்பது. விளைவு, குரல் பாடகரிடமிருந்து வருவதுபோல இல்லாமல் இன்னொரு கிட்டார்போல ஒலிக்கிறது.

ஆகவே அண்ணன் 'இது அவங்களே இல்ல' என்று சொல்லும்போது அவர் காது பொய் சொல்லவில்லை. பதினான்கு வருடமாக ஒரு மனிதரின் குரலோடு வாழ்ந்திருக்கிறார். அந்தக் குரலை அடையாளம் காட்டும் இரண்டு மூன்று தடயங்களையும் இந்தப் பாட்டில் துடைத்துவிட்டார்கள். அவருக்கு ஏமாற்றமாக இருப்பது நியாயம். என் கையில் இந்த மிக்ஸ் வந்திருந்தால் குரலின் கரகரப்பைப் பாதியாகக் குறைத்திருப்பேன். பில்லி ஜோவின் பலமே வார்த்தை காதில் பதிவதுதான். அதை மறைப்பது எனக்கும் உடன்பாடில்லை.

ஆனால் குரலை விட்டுவிட்டு அதே பாட்டில் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். ட்ரே கூல் ஒரு இடத்திலும் சும்மா தாளம் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. இரண்டு கையும் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கின்றன. இப்போது 'டூக்கி'யின் முதல் பாட்டான 'பர்ன்அவுட்'டைப் போட்டு, வாத்தியம் எல்லாம் நின்று நின்று டிரம்ஸ் மட்டும் உருளும் இடங்களைக் கேளுங்கள். அந்தக் கைதான் இது. இரண்டுக்கும் நடுவில் இருபத்தைந்து வருடம் இருப்பதை நம்பவே முடியாது. உங்களுக்குப் பாட்டு பிடித்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் வாசிப்பைக் கேட்கிறீர்கள், அண்ணன் குரலைக் கேட்கிறார்.

இதில் போனுக்கும் காருக்கும் பங்கு உண்டு. போனின் சிறிய ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி ஏறக்குறைய வராது. மைக் டர்ன்ட்டின் பேஸ் கிட்டாரில் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்கும், அதன் உடம்பு கேட்காது. ஓடும் காரில் வேறு கதை. டயர் இரைச்சலும் இன்ஜின் உறுமலும் பேஸ் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், மேலே மிதப்பது குரல் ஒன்றுதான். அதிலும் பிடிக்காத குரல். நீங்கள் இருவரும் ஒரே மிக்ஸை ஒரு தடவையாவது ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

அடுத்து, 'இது எங்கிருந்து வந்தது' என்ற கேள்வி. முன்னால் எதுவுமே இல்லாமல் திடீரென்று வந்து விழுந்ததுபோல அண்ணன் பேசுகிறார். கிரீன் டேயின் அலமாரியைத் திறந்தால் எல்லாம் அதற்குள் இருக்கிறது. 2008-ல் இதே மூவரும், மேடையில் கூட வாசிக்கும் நண்பர்களும் சேர்ந்து ஃபாக்ஸ்பரோ ஹாட் டப்ஸ் என்று வேறு பெயரில் 'ஸ்டாப் டிராப் அண்ட் ரோல்' என்ற ஆல்பம் போட்டார்கள். 1960-களின் கராஜ் ராக் பாணி. கரகரத்த குரல், குறுகிய பாட்டு, நடன வேகம். இன்று புதுசு என்று நீங்கள் கேட்பதில் பாதி அங்கே இருக்கிறது. 2012-ல் 'கில் த டிஜே' வந்தபோது அதில் இருந்த டிஸ்கோ தாளத்துக்கும் இதே மாதிரி சண்டை நடந்தது.

இன்னும் பின்னால் போனால், 1997-ன் 'நிம்ராட்' ஆல்பத்தில் ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரும் வயலின் குழுவுமாக வந்த 'குட் ரிடன்ஸ்' பாட்டு. பங்க் பேண்டிடமிருந்து தாலாட்டு மாதிரி ஒன்று வந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் அதிர்ந்துபோனார்கள். அந்தப் பாட்டை பில்லி ஜோ 'டூக்கி'க்கு முன்பே எழுதிவிட்டார். மற்ற பாட்டுகளோடு ஒட்டவில்லை என்று எடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ரெக்கார்டில் அதன் ஆரம்பத்தில் அவர் கார்டைத் தவறாகப் பிடித்து, நிறுத்தி, மறுபடி தவறி, வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவதை அப்படியே விட்டிருக்கிறார்கள். வெட்டி எறிவது எங்களுக்கு ஒரு நொடி வேலை. வெட்டவில்லை பாருங்கள்! எனக்கு அந்த ஆல்பத்திலேயே மிகவும் பங்க்காகப் படுவது அந்த நான்கைந்து விநாடிதான்.

புரொடியூசர் ஒரு பேண்டை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பேண்ட் சம்மதிக்காமல் நடக்காது, அதுவும் முப்பது வருடம் பழகிய மூன்று பேர் விஷயத்தில். இந்த ஆல்பத்தில் அவர்களோடு வேலை செய்பவர் புட்ச் வாக்கர். பிங்க், அவ்ரில் லவீன் போன்ற பாப் பாடகிகளோடு வேலை செய்தவர் என்பது அண்ணனுக்கு உறுத்துகிறது போலிருக்கிறது. அண்ணன் கோயில்போல மதிக்கும் 'டூக்கி'யையும் 'அமெரிக்கன் இடியட்'டையும் பேண்டோடு சேர்ந்து செய்த ராப் கவல்லோதான், வானொலியெல்லாம் ஒலித்த கூ கூ டால்ஸின் 'ஐரிஸ்' என்ற உருகும் காதல் பாட்டையும் செய்தார் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒரே கை இரண்டு மாதிரியும் செய்யும். 'டூக்கி'யின் முதல் மிக்ஸ் பேண்டுக்கே பிடிக்காமல், மறுபடி உட்கார்ந்து மிக்ஸ் செய்துதான் நாம் இன்று கேட்கும் ஒலி வந்தது. பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அப்போது அவர்களுக்கு இருபத்திரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சென்னையில் நான்கு பையன்கள் வைத்திருந்த ஒரு பேண்டுக்கு ஐந்து பாட்டு மிக்ஸ் செய்து கொடுத்தேன். அவர்களுடைய முந்தைய ரெக்கார்ட் மொட்டை மாடி அறையில், டிரம்ஸுக்கு இரண்டே மைக் வைத்து எடுத்தது. என்னிடம் வந்தபோது எட்டு மைக் வைத்தேன். சுத்தமாக, பளிச்சென்று வந்தது. முதல் பாட்டை வெளியிட்ட வாரமே, 'இவர்கள் சினிமாவுக்குப் போய்விட்டார்கள்' என்று அவர்களுடைய ரசிகர்களிடமிருந்து ஒரே புலம்பல். பாடகர் வருத்தத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். இருவரும் ஒவ்வொரு டிராக்காக மூடிக்கொண்டே போனோம். ஸ்நேர் டிரம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார். அந்த ஸ்நேருக்குக் கீழே முன்பே பதிவு செய்து வைத்த ஒரு டிரம் அடியோசையை, அதாவது ஒரு தயார் சாம்பிளைச் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு அடியும் கனமாக விழ வேண்டும் என்பதற்காக. அதனால் எல்லா அடியும் ஒரே எடையில் விழுந்தன. அந்த டிரம்மர் பையன் ஒரு அடி பலமாக, ஒரு அடி லேசாக, கொஞ்சம் முந்திக்கொண்டு வாசிப்பவன். ரசிகர்களுக்கு அவன்தான் அந்த பேண்ட். அவனை நான் அழித்திருந்தேன். சாம்பிளை எடுத்தேன், குரலின் எதிரொலியைக் குறைத்தேன். மொத்தம் பத்து நிமிட வேலை. மற்ற நான்கு பாட்டும் அப்படி வெளியானபோது, 'பழைய பேண்ட் திரும்பி வந்துவிட்டது' என்றார்கள். பாட்டுகள் ஐந்தும் ஒரே மாதத்தில் எழுதியவை.

ரசிகர்கள் சொன்ன காரணம் தவறு. ஆனால் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தது முழுக்க முழுக்கச் சரி. அன்றிலிருந்து ரசிகர் கோபத்தை நான் தள்ளிவிடுவதில்லை.

விற்றுவிட்டார்கள் என்ற புகார் தனி. இரண்டாவதாக வந்த 'ஃபயர், ரெடி, எய்ம்' பாட்டை அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் புதன்கிழமை ஒளிபரப்புக்குத் தொடக்கப் பாட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். அது அண்ணனுக்கு எரிச்சல் தருகிறது என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஒப்பந்தம் பற்றிய கேள்வி. இந்தப் புகாருக்கு பங்க்கின் வயதே ஆகிறது. த கிளாஷ் பேண்ட் 1977 ஜனவரியில் சிபிஎஸ் கம்பெனியோடு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டதும், பங்க் அன்றே செத்தது என்று லண்டன் பங்க் பத்திரிகை நடத்திய மார்க் பெர்ரி அறிவித்தார். அப்போது கிளாஷின் முதல் ஆல்பமே வந்திருக்கவில்லை. அதே கிளாஷ் 1980-ல் 'சண்டினிஸ்டா' என்ற மூன்று தட்டு ஆல்பத்தை மலிவு விலைக்குக் கொடுப்பதற்காகத் தங்கள் ராயல்டியில் ஒரு பகுதியையே விட்டுக்கொடுத்தார்கள். கம்பெனியில் சேர்ந்ததை வைத்து இதை யார் கணித்திருக்க முடியும்?

கிரீன் டேயும் இந்த அடியை வாங்கியவர்கள். பெர்க்லி நகரில் 924 கில்மன் தெருவில் ஒரு சிறிய அரங்கம். பெரிய ரெக்கார்ட் கம்பெனியில் இருக்கும் பேண்டுகளுக்கு அங்கே மேடை கிடையாது என்பது அன்றைய விதி. கிரீன் டே வளர்ந்ததே அந்த மேடையில்தான். ரீப்ரைஸ் கம்பெனியில் சேர்ந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. மறுபடி அங்கே வாசித்தது 2015-ல், ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக. இத்தனைக்கும் 'டூக்கி' அதற்கு முந்தைய 'கெர்ப்ளங்க்'கிலிருந்து பாட்டெழுத்தில் அப்படி ஒன்றும் தூரம் போகவில்லை. அன்று கதவை மூடியவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். தங்களுக்கென்று ஒரு இடத்தை உண்டாக்கி, அதை விதி போட்டுக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது இசையைவிடப் பெரிய விஷயம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இரண்டு பாட்டை வைத்துத் திசை தெரியுமா? உங்கள் வீட்டுக்கு வந்த சிடியிலேயே பதில் இருக்கிறது. 'அமெரிக்கன் இடியட்' ஆல்பம் 2004 செப்டம்பரில் வருவதற்கு முன் சிங்கிளாக வந்தது அதே பெயர் கொண்ட பாட்டு. மூன்று நிமிடம், வேகமான கிட்டார், எல்லோருக்கும் தெரிந்த கிரீன் டே. அதை மட்டும் கேட்டவர் யாரும், அடுத்த பாட்டு ஐந்து பகுதிகளாக ஒன்பது நிமிடம் ஓடும் என்றோ, ஆல்பம் முழுக்க ஒரே கதையாக இருக்கும் என்றோ நினைத்திருக்க வழியில்லை. ஒன்பது நிமிடப் பாட்டு, ராக் ஆப்பரா: எதைத் தள்ளிவிட்டு பங்க் பிறந்ததோ அதெல்லாம் அதில் இருந்தது. 1994-ல் கிரீன் டேயோடு சேர்ந்த ஒருவருக்கு அது துரோகமாகக்கூடப் பட்டிருக்கும். அண்ணனுக்கோ அது வீட்டு வாசல். அவர் அந்த பேண்டுக்குள் நுழைந்ததே அவர்கள் திசை மாறிய ஆல்பத்தின் வழியாகத்தான். இதைக் குத்திக் காட்டாமல், அன்போடு ஒரு நாள் சொல்லிப் பாருங்கள்.

அதற்காக, மாற்றம் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் பேட் ரிலிஜன் என்ற பங்க் பேண்ட் 1983-ல் 'இன்டு தி அன்னோன்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் வந்தது வேகமும் கோபமுமான பங்க். இதில் கீபோர்டு நிறைந்து, வேகம் குறைந்து, நீண்டு சிக்கலாக ஓடும் 1970-களின் புரோக்ரெசிவ் ராக் பாணிக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் பேஸ் வாசித்த ஜே பென்ட்லி பேண்டை விட்டே விலகினார். பத்தாயிரம் பிரதி அனுப்பினோம், பதினோராயிரம் திரும்பி வந்தது என்று பேண்ட் தரப்பிலேயே பிற்பாடு வேடிக்கையாகச் சொல்வார்கள். 1985-ல் வந்த அடுத்த ரெக்கார்டுக்குத் தெரிந்த இடத்துக்கே திரும்புகிறோம் என்ற பொருளில் 'பேக் டு த நோன்' என்று பெயர் வைத்தார்கள். பென்ட்லியும் திரும்பி வந்தபின், 1988-ல் 'சஃபர்' வந்தது. அரை மணிக்கும் குறைவான ஆல்பம், இன்றுவரை மெலடி பங்க்குக்கு அளவுகோல். இந்தக் கதையில் ரசிகர்கள்தான் சரி. எழுத்து, வேகம், ஒலி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பிடித்துக்கொள்ள ரசிகருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

கிரீன் டே இப்போது என்ன செய்திருக்கிறார்கள்? நான் கேட்ட அளவில் டிரம்ஸ் அதே ஆள், வேகம் குறையவில்லை, இரண்டாவது பாட்டு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மாறியிருப்பது பெரும்பாலும் குரலும் அதைச் சுற்றியுள்ள ஒலியும். இது பேட் ரிலிஜன் எடுத்த திருப்பம் போன்றது இல்லை. பட்டியலில் பத்து பாட்டு இருக்கிறது. மீதி எட்டில் பில்லி ஜோ தன் சொந்தக் குரலுக்குத் திரும்பினால் அண்ணனின் கோபத்தில் முக்கால் பங்கு போய்விடும். பத்திலும் இதே குரல், இதே கரகரப்பு என்றால் அண்ணன் சொன்னதே நடந்துவிட்டது என்று நானும் எழுதுவேன்.

பிப்ரவரி வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனை வீட்டிலேயே பிடியுங்கள். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரே ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளுங்கள். 'பர்ன்அவுட்', அப்புறம் ஃபாக்ஸ்பரோ ஹாட் டப்ஸ் ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒரு பாட்டு, அப்புறம் 'ஃபாதர் ஆஃப் ஆல்'. மூன்றின் சத்தமும் ஒரே அளவில் இருக்கும்படி ஒவ்வொன்றுக்கும் வால்யூமைச் சரிசெய்துகொள்ளுங்கள். இது ரொம்ப முக்கியம். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் பாட்டு எப்போதும் நல்ல பாட்டாகவே தோன்றும். தினமும் இதே வேலையாக இருக்கும் எங்கள் காதுகளே அதில் ஏமாறும். வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர்; புதிய மாஸ்டரிங் பழைய சிடியைவிடச் சத்தமாக இருப்பது வழக்கம், அதனால் புதுப் பாட்டைத்தான் குறைக்க வேண்டியிருக்கும். முதல் சுற்றில் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். இரண்டாவது சுற்றில் பேஸை மட்டும். குரலைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு சுற்று முடியும்வரை யாரும் பேச வேண்டாம்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிடித்திருக்கிறது என்று சொன்னால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். அண்ணன் கொண்டுவந்த சிடியைக் கேட்டு வளர்ந்த காது அது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 'பாட்டு நல்லாத்தானே இருக்கு' என்று மொத்தமாகச் சொன்னால் அவருக்கு அது பதிலாக இருக்காது. எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். 'குரல் விஷயத்துல நீ சொல்றது சரிண்ணா, ஆனா அந்த டிரம்ஸைக் கேளேன்' என்று தொடங்குங்கள். முதல் பாதியை மனசாரச் சொல்ல வேண்டும்; அவர் கேட்டது நிஜமாகவே அங்கே இருக்கிறது. அண்ணனும் இந்த பேண்டை விட்டுவிட நினைப்பவராகத் தெரியவில்லை. விட்டுவிட்டவர் மூன்று மாதமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

அவருடைய நண்பர்கள் இரண்டு பேரையும் அன்று கூப்பிட வேண்டாம். நான்கு பேர் கூடினால் பாட்டைக் கேட்பது குறைந்து, கட்சி கட்டுவது அதிகமாகிவிடும். 2005-ல் நீங்கள் இரண்டு பேர்தானே கேட்டீர்கள். அந்த சிடி இன்னும் வீட்டில் இருந்தால் அதைத் துடைத்து, அன்று கடைசியில் அந்த ஒன்பது நிமிடப் பாட்டைப் போடுங்கள்.

பிப்ரவரி 7-க்குப் பிறகு மறுபடி எழுதுங்கள். பத்து பாட்டையும் வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள், அண்ணனையும் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.